மூதவையை விட்டு எழுந்து சென்றவர்

(தலவிலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மார்ச் மாதத்திலும் யூலை, ஆகஸ்டிலும் அன்னம்மாள் திருவிழா நடைபெறும் வேளையில் இம்மணற்பரப்பிலே கால் வைக்க இடமிராது. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் வண்டி வண்டியாக வந்து இறங்குவர். இன்று கூடியிருக்கும் கூட்டம் சிறிது. ஆயினும் எடுத்துக்கொண்ட பொருள் சிறிதன்று.

சென்ற மாதம் இக்கூட்டத்தை ஒழுங்கு செய்தபோது, வெங்காயம் பயிரிடும் நண்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தருகிறோம் என்கிறார்கள் ஆளுங்கட்சிக்காரர். அதற்கு ஊரார் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தால் நான் துரோகியா? வைக்காவிட்டால் பிள்ளைகள் மரத்தடியில்தான் இருக்கப் போகிறார்கள்." அன்று நாம் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. மேடையில் ஏறி "கொள்கையில் விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்று முழங்குவது எளிது. அந்த மரத்தடியில் நமது பிள்ளை இருக்கவில்லை.

இக்கேள்விக்கு விடை தேடி இன்று உங்களை உரோமாபுரி வரை அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். கற்பிட்டியில் வாழும் நமக்கு உரோமாபுரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1667 முதல் 1676 வரை கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச் சென்றது கோட்டைச் சுவர்களை மட்டுமன்று. தமது சட்டத்தையும் விட்டுச் சென்றனர். ஆங்கிலேயர் 1799 இல் செய்த பிரகடனத்தின் மூலம் அதனை நிலைநிறுத்தினர். நமது நீதிமன்றங்களில் எழுத்துச் சட்டம் மௌனமாயிருக்கும் இடங்களில் உரோமன் டச்சுச் சட்டமே இன்றும் பேசுகிறது. அந்த உரோமச் சட்ட அறிஞரிற் சிலர் பயின்ற பள்ளி ஒன்றுண்டு. கி.மு. 300 அளவில் சைப்பிரசுத் தீவிலிருந்து வந்த சீனோ என்பவர் ஏதென்சு நகரில் சித்திரம் தீட்டிய மண்டபமொன்றில் அதனைத் தொடங்கினார். மண்டபத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாலேயே அவர் வழிவந்தோர் ஸ்டோயிக்கர் எனப்பட்டனர். அறம் ஒன்றே நன்மை, செல்வமும் பதவியும் உடல்நலமும் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பது அவர்கள் கொள்கை.

இத்தகைய கொள்கையுடையோர் விட்டுக்கொடுப்பைப் பற்றி ஒரே குரலில் பேசியிருப்பர் என்று நினைத்தால் அது தவறு. ரோட்ஸ் தீவில் பஞ்சம் நிலவுகிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் முதலில் வந்து சேருகிறான். பின்னால் வேறு பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். ஊராருக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா, அன்றி வாய் மூடி உயர்ந்த விலைக்கு விற்கலாமா? பாபிலோனிய டயோஜனிஸ் என்ற ஸ்டோயிக்கர், சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், பேசாதிருப்பது மறைப்பதாகாது என்றார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தர், இல்லை, முழுவதையும் சொல்லத்தான் வேண்டும் என்றார். இவ்விவாதத்தைத் தமது நூலிற் பதிந்துவைத்த சிசரோ மாணவர் பக்கமே தீர்ப்புக் கூறினார். வெங்காய லொறியைத் தம்புள்ளைக்கு அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தீர்ப்பை உங்களிடமே விடுகிறோம்! நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அவ்வணிகன் பொய் சொல்லலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. பேசாதிருத்தல் வரையிலேதான் அவர்களுடைய கருத்து வேற்றுமை.

இனி, கி.பி. 59 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் நீரோ சக்கரவர்த்தி தன்னைப் பெற்ற தாயாகிய அகிரிப்பினாவை ஆள் வைத்துக் கொன்றான். கொன்றபின் மூதவைக்கு ஒரு கடிதம் அனுப்பினான். தன்னைக் கொல்ல ஆளனுப்பிய குற்றவாளி அவளே என்றது அக்கடிதம். அதனை எழுதியவன் நீரோ அல்லன். அவனுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்த ஆசான், ஸ்டோயிக்கருள் பெரும் புகழ் பெற்ற செனேக்காவே எழுதினார்.

செனேக்காவைத் தூற்றுவது நம் நோக்கமன்று. அவர் தரப்பு வழக்கை நாமே ஒருகணம் எடுத்து வாதாடிப் பார்ப்போம். கோர்சிக்காத் தீவில் எட்டாண்டு நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர் அவர். 49 இல் திரும்ப அழைக்கப்பட்டது அச்சிறுவனுக்கு ஆசிரியராகவே. 54 இல் பதினாறு வயதில் நீரோ அரியணை ஏறியபோது, செனேக்காவும் படைத்தலைவர் புர்ரசும் அவனருகே நின்று ஆட்சியை நடத்தினர். அந்த முதற் சில ஆண்டுகளை நல்லாட்சி என்றே சரித்திரம் கூறுகிறது. அவர் விலகியிருந்தால் அவ்விடத்துக்கு யார் வந்திருப்பார்? அரசனது காதுக்கு அருகில் ஒரு நல்லவன் இருப்பதால் தப்பிய உயிர்கள் எத்தனை? இவை வெறும் சாட்டுகள் அல்ல. முப்பது கோடி செஸ்தர்சு சேர்த்துவிட்டார் என்று அவர் பகைவர் குற்றஞ்சாட்டினர். ஏழ்மையைப் புகழ்ந்து எழுதியவர் செல்வத்தில் மிதந்தார் என்ற ஏளனமும் அன்றே இருந்தது. அதையும் நாம் பெரிதாக எடுக்கவில்லை. அவர் அரண்மனையில் இருந்தது ஒரு பிழையன்று. பணம் பெற்றதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அக்கடிதம்? இறந்தவள் வந்து மறுப்புரை கூற முடியாது. வாயற்ற ஒருத்தியின் மேல் பழியை வைத்து, தம்மிடமிருந்த நாட்டின் சிறந்த எழுத்தாற்றலைக் கொலைக்கு வாடகைக்கு விட்டார் செனேக்கா. நீரோவின் கொடுமை பேச்சைக் கடந்தது என்று விட்டுவிட்ட ஊர், அக்கடிதத்தை எழுதியதற்காகச் செனேக்காவையே ஏசியது என்று தாசிற்றசு எழுதிவைத்துள்ளார்.

அக்கடிதம் மூதவையில் வாசிக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு நன்றிப் பிரேரணைகளைக் கொண்டுவந்தனர். கோவில்களில் ஸ்தோத்திரம், ஆண்டுதோறும் விழா, பொற்சிலை! அப்பொழுது பதுவா நகரத்தவரான திராசியா என்ற உறுப்பினர் எழுந்தார். பேசவில்லை. வெளியே நடந்தார். அவரும் ஸ்டோயிக்கரே. அதே பள்ளி, அதே அவை, அதே நாள்.

திராசியா எந்நாளும் நிமிர்ந்தே நின்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு முன் எத்தனையோ முகத்துதிப் பிரேரணைகளை அவர் மௌனமாகவோ ஒரு சொல்லால் இசைந்தோ கடந்து சென்றவர். மூன்றாண்டு கழித்து, நீரோவை இகழ்ந்து கவி பாடிய அந்திஸ்தியசு என்ற அதிகாரிக்கு மரண தண்டனை விதிக்க மூதவை ஆயத்தமானபோது, திராசியா சக்கரவர்த்தியைப் புகழ்ந்து பேசிய பின்னரே, தீவுக்கு அனுப்பினால் போதும் என்றார். பெரும்பான்மையோர் அவர் பின்னே திரண்டனர். அந்திஸ்தியசின் தலை தப்பியது. இதுவும் ஒரு விட்டுக்கொடுப்புத்தான்! மனத்துக்கு ஒவ்வாத நாலு புகழ்ச்சி மொழிகளைக் கொடுத்து ஓர் உயிரை வாங்கினார். அதற்கான விலையைக் கொடுத்தவர் அவரேயன்றி வேறெவருமல்லர்.

66 இல் அவர்மேல் வழக்கு வந்தது. சபையை விட்டு எழுந்து சென்றது, மூன்றாண்டாய் மூதவைக்கு வாராதது, சக்கரவர்த்தியின் குரல்வளத்துக்காகப் பலியிடாதது, இவையே குற்றச்சாட்டுகள். அருலேனசு என்ற இளைஞன், மக்கள் பிரதிநிதி என்ற தன் பதவியின் அதிகாரத்தைக் கொண்டு மூதவையின் தீர்ப்பைத் தடுப்பேன் என்று முன்வந்தான். திராசியா அவனைத் தடுத்தார். அத்தடை தம்மைக் காப்பாற்றாது, அவனை மட்டும் அழிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தம்மோடு இறக்கத் துணிந்த மனைவியையும் மகளுக்காக உயிரோடிருக்கும்படி சொன்னார். தமது நேர்மைக்கான செலவைப் பிறர் கணக்கில் எழுத அவர் ஒருப்படவில்லை. செனேக்காவோ அதற்கு முந்திய ஆண்டிலேயே அதே நீரோவின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. சேர்த்த செல்வத்தையெல்லாம் திருப்பித் தருகிறேன், விட்டுவிடு என்று 62 இல் கேட்டும் அவன் விடவில்லை.

திராசியா வெளியேறியதால் பயன் என்ன என்று கேட்பவர் இருக்கலாம். தாசிற்றசே கேட்டார். தமக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டாரேயன்றி மற்றவருக்கு விடுதலையின் வாயிலைத் திறக்கவில்லை என்ற கருத்தில் எழுதினார். இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நமது நாட்டுக்குத் திரும்புவோம்.

1948 டிசெம்பர் 10 ஆம் நாள். இந்திய, பாகிஸ்தானியக் குடிகளின் பிரசாவுரிமை மசோதா பாராளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் யார் இந்நாட்டவராகலாம் என்பதற்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது இந்தப் புதிய மசோதா. வாக்கெடுப்பு மணி ஒலித்தபோது, வர்த்தக மந்திரியாயிருந்த வவுனியா உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் எழுந்து சபையை விட்டு வெளியேறினார். விளக்கம் தருமாறு பிரதம மந்திரி டி. எஸ். சேனாநாயக்கா கேட்டார். விளக்கத்துக்குப் பதிலாக இராஜினாமாக் கடிதம் சென்றது. மசோதா நிறைவேறியது. ஒரு தொழிலாளிக்கேனும் அவ்வெளியேற்றத்தால் பிரசாவுரிமை கிடைக்கவில்லை. மேலும், ஆகஸ்டில் முதற் சட்டம் வந்தபோது அதே மந்திரி சபையில் அவர் இருந்தார் என்பதையும் மறைக்கலாகாது.

அதே வாக்கெடுப்பில் மற்றொரு தமிழ் மந்திரி ஆதரவாக வாக்களித்தார். ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் ஆகஸ்டில் முதற் சட்டத்தை எதிர்த்தவர். செப்டெம்பரில் கைத்தொழில், மீன்பிடி மந்திரியானவர். அவருடைய வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கூக்குரலிடுவதால் ஒரு செங்கல்லும் எழாது, உள்ளே சென்றால் நமது பகுதிக்குத் தொழில் வரும் என்பது அது. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய ஆலைகளோடு அவர் பெயரை மக்கள் இன்றும் சேர்த்தே பேசுகின்றனர். அவ்வாலைகளால் அடுப்பெரிந்த வீடுகள் பல. அவ்வீட்டாரிடம் போய் அம்மனிதரைத் துரோகி என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. 1953 இல் சேர் ஜோன் கொத்தலாவலை அவரை மந்திரி சபையிலிருந்து நீக்கினார். பயன்படுத்தியபின் எறிவது நீரோ காலத்துப் பழக்கம் மட்டுமன்று போலும்.

ஆனால் அந்த வாக்கு? ஓர் அப்புக்காத்து தன் கட்சிக்காரனின் வழக்கை அவன் சம்மதமின்றிச் சமாதானம் செய்யலாகாது. கட்சிக்காரன் அல்லாத ஒருவனின் காணியைக் கொடுத்துத் தன் கட்சிக்காரனின் வழக்கைத் தீர்ப்பதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞருக்கு இது தெரியாததன்று. காங்கேசன்துறைக்கு ஆலை வந்தது. அதற்கான விலையை அட்டனிலும் பதுளையிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் செலுத்தினாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. 1952 இல் ஒருவரும் இல்லை. 1964 இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தேங்காய் பிரிப்பது போல் பிரித்தது. மீதிப் பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றது. எஞ்சியோரின் கணக்கைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

பிறரைச் சுட்டும் விரலை நம்மை நோக்கியும் திருப்புவோம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் நாம் ஆஜரானோம். இரண்டு அண்ணன்மார், ஒரு தங்கை. தங்கை பிரசவத்துக்காகப் படுத்திருந்தாள். "தங்கச்சிக்குச் சம்மதம் ஐயா" என்றார் மூத்தவர். பல ஆண்டு இழுபட்ட வழக்கு அன்றே முடிந்ததில் நீதிபதிக்கு மகிழ்ச்சி, எமக்கும் மகிழ்ச்சி. தங்கையின் பங்குக்கு நிலம் குறையவில்லை. கிணறு மட்டும் அண்ணன்மார் பங்கில் போயிற்று. இக்குடாநாட்டு மணலில் கிணறில்லாத காணி எதற்காகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவள் பிறகு நம்மைத் தேடி வந்தாள். ஏசவில்லை. "என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமே, ஐயா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை நம்மிடம் பதிலில்லை.

1957 யூலை 26 இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். சமஷ்டி கேட்டவர்கள் பிரதேச சபைகளுக்கு இறங்கி வந்தார்கள். சம அந்தஸ்துக் கோரிக்கையையும் அன்றைக்கு ஒதுக்கி வைத்தார்கள். தமது மக்களுக்காகத் தாம் கேட்டவற்றிலிருந்து, தம்மைத் தெரிந்தெடுத்த மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் இறங்கினார்கள். அதனை இழிவென்று நாம் கருதவில்லை. 1958 ஏப்பிரலில் அது கிழித்தெறியப்பட்டது கையொப்பமிட்ட தமிழரின் குற்றமன்று. ஆனால் அவ்வுடன்படிக்கையில் மலைநாட்டாரின் பிரசாவுரிமை பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எமது கருத்தை எடுத்துரைத்தோம், விரைவில் கவனிப்பதாகப் பிரதம மந்திரி கூறினார் என்ற அளவே உண்டு. 1949 டிசெம்பரில் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து ஒரு கட்சி பிறந்ததே அத்தொழிலாளரின் பெயரால். எட்டாண்டில் அவர்கள் பத்திரத்தின் கடைசி வரிகளுக்குப் போய்விட்டார்கள். தங்கச்சிக்குச் சம்மதமா என்று அன்றும் ஒருவர் கேட்டிருக்கலாம்.

சபையை விட்டு எழுந்து சென்றவர் எல்லா இடத்திலும் நேர்மையாளர் என்றும் கொள்ள வேண்டாம். வளையாதவர் என்று உரோமர் போற்றிய கேற்றோவே, தமது மருமகன் பிபுலசு தேர்தலில் வெல்வதற்காகக் கையூட்டுக் கொடுப்பதை நாட்டு நலனுக்கென்று ஏற்றுக்கொண்டார். நமது சுந்தரலிங்கம் அவர்கள் இருபதாண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் நின்றார். எதற்கு? தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட தமிழர் உள்ளே நுழைவதைத் தடுப்பதற்கு. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு ஐம்பது ரூபா தண்டமும் விதிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்காக மந்திரிப் பதவியை வீசிய அதே கை! அன்றும் அவர் தம் கொள்கையில் அணுவளவும் அசையவில்லை என்பதே துயரம். அசையாமை வீரம்தான். ஆனால் யாருடைய கழுத்தின்மேல் கால் வைத்து அசையாமல் நிற்கிறோம் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் அவ்வீரத்தோடு தானாக வருவதில்லை. எல்லா மனிதரும் ஒரே குலத்தவர் என்று கற்பித்த ஸ்டோயிக்கரும் அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவரான எபிக்தேத்தசு தாமே அடிமையாயிருந்தவர்.

இன்னுமொன்று. வளைந்தவர் எல்லோரையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கக் கூடாது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானமும் விவாகப் பதிவும் அவர்களுடைய சபையில் நடந்தாலன்றிப் பிள்ளைக்குச் சொத்துரிமையும் உத்தியோகமும் கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்துச் சைவரும் கத்தோலிக்கரும் அவர்களுடைய தோம்பில் பெயர் பதிந்துவிட்டு வீட்டுக்குள் தமது வழிபாட்டைத் தொடர்ந்தனர். 1687 இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, கூலியாள் வேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகள் இரவிலே அவர்களைத் தேடிச் சென்றார். 1690 இல் அவர் ஒல்லாந்தர் கைக்கு எட்டாத இப்புத்தளப் பகுதிக்கு, அன்றைய கண்டியரசனின் ஆட்சிக்குள், வந்து சேர்ந்தார். தோம்பில் பெயர் எழுதியவர்கள் கோழைகளா? பகலில் அவர்கள் கொடுத்தது தம் பெயரைத்தான். அயலவனைக் காட்டிக் கொடுத்தவன் இருந்தால் அவன் வேறு கணக்கு. அதிகாரமில்லாதவன் தன் முதுகை வளைப்பதையும், அதிகாரமுள்ளவன் பிறன் முதுகை வளைத்துக் கொடுப்பதையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம்.

இப்பொழுது நமது வெங்காயத் தோட்டத்து நண்பரின் கேள்விக்கு வருவோம். சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை தமிழ் பேசிய கத்தோலிக்கக் கரையூர்கள் பல, பள்ளிக்கூடத்தின் மொழி மாறியதால் இரண்டு தலைமுறையில் வீட்டு மொழியையும் இழந்தன. அவ்வூர்ப் பெற்றோர் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தே அப்படிச் செய்தனர். அவர்களைப் பழிக்க நாம் யார்? ஆயினும் கொடுக்கப்பட்டது பெற்றோருடையதா, பிள்ளையுடையதா என்று அன்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆகையால், நண்பரே, வகுப்பறையை வாங்குங்கள். அது வரிப்பணம். எவருடைய தந்தை வீட்டுச் சொத்துமன்று. மந்திரியாருக்கு மாலை போட வேண்டுமென்றால் போடுங்கள். திராசியாவே புகழ்ச்சி கூறியிருக்கிறார். ஆனால் கையெழுத்துக்கு முன் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள். "இவ்வூரில் தமிழ் மொழிப் போதனை தேவையில்லை" என்றோ, "அடுத்த ஊரார் கேட்கும் காணி அவர்களுடையதன்று" என்றோ எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வாருங்கள். உங்கள் மகனையும் ஊர் இளைஞரையும் அந்த அறையில் சண்டைக்கு இழுக்காமல் வாருங்கள். அன்று மரத்தடியில் நடக்கும் வகுப்புக்குப் பொறுப்பு உங்களுடையது மட்டுமன்று. இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் பொறியியலாளருக்கும் நமக்கும் அதில் பங்குண்டு. இரண்டு கூரை போட எவ்வளவு கிடுகும் மரமும் வேண்டுமென்று இக்கூட்டம் கலையுமுன் கணக்கெடுத்துவிடலாம்.

நண்பர் முன்வரிசையிலேதான் இருக்கிறார். கடிதம் சட்டைப் பையில் இருப்பதாகச் சற்று முன் சொன்னார். நம்மிடம் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் இருவருமாக அமர்ந்து வாசிப்போம்.